பாங்காக்கில் தொடங்கி பாங்காக்கிலேயே முடிய: நான்கு நாடுகள், தரைவழி, தனி ஆள்

கேள்வி இதுதான்: இந்தியப் பாஸ்போர்ட், 45 நாள் விடுப்பு, தனியாகப் பயணம். சென்னையிலிருந்து பாங்காக் வரை விமானம். அதன்பிறகு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா நான்கையும் பஸ், ரயில், படகிலேயே பார்த்துவிட்டு மறுபடி பாங்காக் வர வேண்டும். எந்த வரிசையில் போவது, விசா எப்படி, எங்கே சிக்கும்?

பெரும்பாலோர் முதலில் ஊர்களின் பட்டியலைப் போட்டுவிட்டு, பிறகு அவற்றுக்கு நடுவே பஸ் தேடுவார்கள். இந்தப் பகுதியில் அது வேலைக்காகாது. முதலில் எல்லைச் சாவடிகளை முடிவு செய்யுங்கள். எது திறந்திருக்கிறது, எதில் உங்கள் விசா செல்லும், எது எத்தனை மணிக்கு மூடும் என்ற மூன்றும் தெரிந்தால் ஊர்களின் வரிசை தானாக விழுந்துவிடும்.

இந்தியாவிலிருந்தே சாலை வழியாகப் போக முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். மணிப்பூரின் மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்துக்கு நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்று உண்டு. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த வழி முழுக்க உள்நாட்டுப் போர்ப் பகுதி. அதை மறந்துவிட்டு பாங்காக்குக்கு விமானம் ஏறுங்கள்.

இரண்டாவது தடை புதிது, பழைய பயணக் குறிப்புகளில் இருக்காது. தாய்லாந்து–கம்போடியா எல்லையில் 2025 ஜூன் மாதமே தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன. ஜூலையில் ஐந்து நாள் சண்டை, டிசம்பரில் மறுபடியும் சண்டை, மாதக் கடைசியில் போர்நிறுத்தம். சியம் ரீப்பிலிருந்து பொய்பெட் வழியாக பாங்காக் பஸ் என்பது இருபது வருடமாக எல்லோரும் போன பாதை. இப்போது அது இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நீங்கள் கிளம்பும்போது திறந்திருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பித் திரும்பும் தேதியை வைக்காதீர்கள்.

அப்படியானால் வளையத்தை மூடுவது எப்படி? லாவோஸுக்குள் இரண்டு தடவை நுழைந்துதான். பாங்காக், சியாங் மாய், சியாங் கோங். அங்கே மீகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸின் ஹுவாய் சாய். படகில் லுவாங் பிரபாங், ரயிலில் வியன்டியன், பஸ்ஸில் சவன்னகேத். லாவ் பாவ் சாவடி வழியாக வியட்நாமின் டோங் ஹா, ஹுவே. தெற்கே இறங்கி ஹோ சி மின் நகரம், சாவ் டாக். ஆற்று வழியாகக் கம்போடியாவின் நாம் பென். அங்கிருந்து சியம் ரீப் போய்த் திரும்பி வடக்கே கிராட்டி, ஸ்டங் ட்ரெங். மறுபடி லாவோஸின் தென்கோடி, பக்சே. கடைசியாகச் சோங் மெக் சாவடி வழியாகத் தாய்லாந்தின் உபோன், இரவு ரயிலில் பாங்காக். நாட்களைத் தாய்லாந்து 5, லாவோஸ் 10, வியட்நாம் 16, கம்போடியா 8, தென் லாவோஸ் 4, திரும்பும் வழி 2 என்று பிரிக்கலாம். இதில் ஹனோய் இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான். ஹனோய் கண்டிப்பாக வேண்டுமென்றால் வியன்டியனிலிருந்து காவ் ட்ரேவ் சாவடி வழியாக வின் நகரம் போய், அங்கிருந்து ரயிலில் வடக்கே 319 கிலோமீட்டர். கூடுதலாக ஆறு நாளாவது ஒதுக்குங்கள். வியன்டியன்–ஹனோய் நேரடி பஸ் ஒன்றும் உண்டு, 24 மணி நேரம் என்பார்கள். விடியுமுன்னே எல்லைக்கு வந்து, சாவடி திறக்கும்வரை மலைக்குளிரில் நிற்கும். தூங்கவும் முடியாது, இறங்கி உட்காரவும் இடம் இருக்காது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

எப்போது கிளம்புவது

நவம்பர் கடைசி வாரம். காரணம் சொல்கிறேன். மத்திய வியட்நாமில் மழையும் வெள்ளமும் அக்டோபர், நவம்பரில்தான். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் தண்ணீரில் மூழ்கின. நவம்பர் கடைசியில் கிளம்பினால் ஹுவேக்கு டிசம்பர் நடுவில் போய்ச் சேர்வீர்கள். தூறல் இருக்கும், ரயில் ஓடும். ஜனவரியில் கிளம்பலாமே என்றால் வியட்நாமியப் புத்தாண்டான டெட் குறுக்கே வரும். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் விழும் அந்தப் பண்டிகையின்போது நாடே சொந்த ஊருக்குப் போகும். ரயிலில் இடம் கிடைக்காது, கடைகள் மூடியிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு தாய்லாந்திலும் வடக்கு லாவோஸிலும் காட்டையும் வயலையும் எரிப்பார்கள். மலையே தெரியாத அளவுக்குப் புகை. ஏப்ரல் 14 ஒட்டி நம்மைப் போலவே தாய், லாவோ, கெமர் மக்களுக்கும் புத்தாண்டு. தண்ணீர்த் திருவிழா பார்க்க நன்றாக இருக்கும், பஸ் கிடைக்காது.

விசா

கீழே சொல்வது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் வழித்தடம் அப்படியே பொருந்தும், விசா விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு தந்தது. அந்த விதி மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு ஒவ்வொரு தடவையும் சில நாளே தேவை என்பதால் நாள் கணக்கு குறைந்தாலும் பெரிய பாதிப்பு இருக்காது. ஆனால் 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இலவசம், வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தரைவழிக்கும் உண்டு. கடைசியில் சோங் மெக் வழியாக நுழையும்போது அதை மறுபடி புதிதாக நிரப்ப வேண்டும். லாவோஸ் தென்கோடியின் மீகாங் தீவுகளில் இணையம் தள்ளாடும், ஆகவே பக்சேயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

லாவோஸில் எல்லையிலேயே 30 நாள் வருகை விசா. ஹுவாய் சாய் பாலத்திலும் கம்போடிய எல்லையிலும் தருகிறார்கள். ஒரு புகைப்படமும் டாலர் நோட்டும் வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் 50 டாலர் ஒதுக்கி வையுங்கள், மீதி வரும். தாய்லாந்துப் பணமான பாட் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் விகிதம் நமக்கு நஷ்டம். இணையத்தில் எடுக்கும் ஈவிசாவும் உண்டு, ஆனால் அது பட்டியலில் உள்ள சில சாவடிகளில் மட்டும் செல்லும். தரைவழிப் பயணத்தில் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். கையில் செல்லுபடியாகும் விசா இருக்கும், நிற்பது தப்பான சாவடி.

வியட்நாமுக்கு எல்லையில் விசா கிடையாது. முன்கூட்டியே ஈவிசா எடுத்தே ஆக வேண்டும். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. விண்ணப்பத்தில் நுழையும் சாவடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், லாவ் பாவ் என்று போட்டால் லாவ் பாவ் வழியாகவே நுழையுங்கள். வெளியேறுவதற்குச் சாவ் டாக் அருகிலுள்ள ஆற்றுச் சாவடி, பட்டியலில் சோங் தியென் என்று இருக்கும். தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். கட்டணம் 90 நாளுக்கும் அதேதான் என்பதால், நீங்கள் நினைக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே விசா தொடங்கும்படியும், பின்னால் மூன்று வாரம் மிச்சம் இருக்கும்படியும் கேளுங்கள். லாவோஸில் ஒரு பஸ் தப்பினாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த இடைவெளிதான் காப்பாற்றும். மூன்று வேலை நாள் என்று போட்டிருப்பார்கள். பத்து நாள் கொடுங்கள். தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமுள்ள தரகர் தளங்கள்தான் முதலில் வரும், இரட்டிப்புப் பணம் கேட்கும். முகவரி வியட்நாம் அரசுக்குரிய ‘கவ் டாட் விஎன்’ என்று முடிகிறதா பாருங்கள்.

கம்போடியாவில் சுற்றுலா விசா 30 டாலர், 30 நாள், எல்லையிலேயே ஒட்டித் தருவார்கள். ஈவிசா ஹோ சி மின் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகும் மொக் பாய்–பவெட் சாவடியில் செல்லும். படகில் போகிறவர்களுக்கு வருகை விசாதான் வழக்கம்.

இவ்வளவும் பாஸ்போர்ட்டில் இடம் பிடிக்கும். லாவோஸும் கம்போடியாவும் முழுப் பக்க ஸ்டிக்கர் ஒட்டுகின்றன. லாவோஸ் இரண்டு தடவை, கம்போடியா ஒரு தடவை, மேலே முத்திரைகள். எட்டுப் பக்கம் காலியாக இல்லையென்றால் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். காலாவதிக்கு ஆறு மாதம் இருக்க வேண்டும், அது திரும்பும் தேதியிலிருந்து என்று கணக்கிடுங்கள்.

இனி தமிழர்களுக்கென்றே வரும் ஒரு தொல்லை: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. எல்லாம் பெயர்க் கட்டத்தில், அதுவும் ஒற்றைச் சொல். விசா விண்ணப்பம் இரண்டு கட்டத்தையும் கேட்கும். அங்கே அப்பா பெயரை நீங்களாகச் சேர்த்தால் விசாவும் பாஸ்போர்ட்டும் வேறு வேறு ஆளாகிவிடும். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு உள்ள இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அதுதான் அளவுகோல். பணம் கட்டுவதற்கு முந்தைய சரிபார்ப்புப் பக்கத்தில் அதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் மாறுவதும் இங்கேதான் பிடிபடும். தவறிருந்தால் கட்டணம் திரும்பாது. அடிக்கடி வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டை மறு வெளியீடு செய்யும்போது குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலேயே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது.

சென்னையில் கிளம்பும்போது

தனியாகப் போகும் இளைஞர்களைக் குடியேற்ற அதிகாரிகள் கூடுதலாக விசாரிப்பார்கள், கோபப்படாதீர்கள். கம்போடியாவிலும், லாவோஸின் தங்க முக்கோணப் பொருளாதார மண்டலத்திலும், மியான்மர் எல்லையிலும் நடக்கும் இணைய மோசடிக் கூடங்களுக்கு வேலை ஆசை காட்டி ஆள் கடத்தியதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான தங்குமிடம், வியட்நாம் ஈவிசா, நாள்வாரித் திட்டம் ஒரு பக்கம், வங்கி இருப்பு, வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஈசிஆர் முத்திரை (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு) உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. திரும்பும் டிக்கெட் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். விமான நிறுவனக் கவுன்டரிலும் தாய்லாந்தை விட்டு எப்போது வெளியேறுகிறீர்கள் என்று கேட்பார்கள். 45 நாள் கழித்து பாங்காக்–சென்னை டிக்கெட் இருப்பது அதற்குப் பதில்.

பணம்

இரண்டு வேறு வங்கிகளின் ஏடிஎம் கார்டு (விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்தது) எடுத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்துவிட்டு. ஒரு கார்டு பர்ஸில், ஒன்று பையின் அடியில். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும், ஆகவே சிறுசிறு தொகையாக எடுக்காதீர்கள். ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள், அங்கே போய்த் திறக்க முயன்றால் அதற்கே ஓடிபி கேட்கும்.

ரொக்கமாக 500 டாலர் போதும். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை அனுமதி. முக்கியம் தொகை இல்லை, நோட்டின் நிலை. கம்போடியாவில் ஓரம் கிழிந்த, பேனா கிறுக்கிய, மடிப்பில் நைந்த டாலரை யாரும் தொட மாட்டார்கள், எல்லை அதிகாரி உட்பட. பணம் மாற்றும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். 20, 10, 5, 1 என்று சில்லறையாகவும் கேளுங்கள். கம்போடியாவில் டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்குகின்றன, ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல் என்று மீதி தருவார்கள். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் டாக்சியில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். 5 லட்சத்தைத் தனிப் பையில் வையுங்கள். லாவோ கிப்பை லாவோஸுக்கு வெளியே யாரும் வாங்க மாட்டார்கள், எல்லைக்கு முன்னால் செலவழித்துவிடுங்கள்.

சிக்கனமாக, பொதுத் தங்கும் விடுதியில் படுத்து, சாலையோரம் சாப்பிட்டால் நாளுக்கு 30 முதல் 40 டாலர் என்று வையுங்கள். விசாக்களும் அங்கோர் நுழைவுச்சீட்டும் (ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62 டாலர்) இதற்கு மேல்.

வழியில் எங்கெங்கே இடறும்

சியாங் கோங்கில் முந்தைய இரவே போய்த் தங்குங்கள். லாவோஸுக்குப் போகும் நான்காவது நட்புப் பாலம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அதில் நடக்க விடமாட்டார்கள், சுற்றுப் பேருந்தில்தான் தாண்ட வேண்டும். ஹுவாய் சாயிலிருந்து மெதுபடகு காலை பதினொரு மணி வாக்கில் கிளம்பிவிடும். காலையில் சியாங் ராயிலிருந்து பஸ் பிடித்தால் விசா வரிசையில் நிற்கும்போதே படகு போய்விடும். படகு இரண்டு பகல், நடுவில் பக்பெங் என்ற சிறு ஊரில் இரவு. சாப்பாடு, தண்ணீர், குளிருக்கு ஒரு மேல்சட்டை வேண்டும். டிசம்பரில் ஆற்றுக் காற்று எலும்பைத் தொடும். ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறோம் என்று வேகப்படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். பாறைகள் மறைந்திருக்கும் ஆறு அது, ஏறாதீர்கள்.

லுவாங் பிரபாங்–வியன்டியன் ரயில் 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்–சீனப் பாதை. மலைச்சாலையில் நாள் முழுதும் பிடித்த தூரம் இப்போது இரண்டு மணி நேரம். நிலையங்கள் ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. டிக்கெட் சில நாள் முன்னால்தான் திறக்கும், சீக்கிரம் தீரும், பாஸ்போர்ட் எண் வேண்டும். விமான நிலையம் போலச் சோதனை உண்டு: கத்தி, கத்தரிக்கோல், தெளிப்பு டப்பாக்களை எடுத்துக்கொள்வார்கள். கொசு விரட்டி ஸ்ப்ரேயும் போகும், களிம்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சவன்னகேத்திலிருந்து லாவ் பாவ் சுமார் 240 கிலோமீட்டர். ஹுவே, டா நாங் வரை நேர் பஸ் உண்டு, சாவடியில் இறங்கி நீங்களே முத்திரை வாங்கி மறுபக்கம் நடந்து ஏற வேண்டும். டிரைவர் உங்களுக்காகக் காத்திருப்பார் என்று நம்ப வேண்டாம். பஸ் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, சாமானோடு இறங்கி, கூட வருபவர்களை விட்டு விலகாமல் நில்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேலும் வார இறுதியிலும் லாவோஸ் சாவடிகளில் கூடுதல் நேரக் கட்டணம் என்று ஒரு டாலர் அளவு கேட்பார்கள்.

வியட்நாமில் ஹுவே–டா நாங் துண்டை மட்டுமாவது பகல் ரயிலில் போங்கள். ஹை வான் மலையடியில் கடலோரமாக வளையும் பாதை, மூன்று மணி நேரத்துக்குள். டா நாங்கிலிருந்து தெற்கே ஹோ சி மின் நகரம் 935 கிலோமீட்டர், ஓர் இரவும் அரைப் பகலும். நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கை எடுங்கள். ஆறு படுக்கையில் மேல்தட்டு என்றால் நிமிர்ந்து உட்காரவே முடியாது.

கம்போடிய எல்லையில் பஸ் நடத்துநர்களும் படகு ஆட்களும் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மொத்தமாக வாங்கிப் போவார்கள், இரண்டு மூன்று டாலர் அவர்களுக்கு. அதைக் கொடுப்பது பிழையில்லை, ஆனால் பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் தேதி, நாள் கணக்கு இரண்டையும் அங்கேயே படியுங்கள். தாண்டித் தங்கினால் கம்போடியாவிலும் லாவோஸிலும் நாளுக்கு 10 டாலர் அபராதம், தாய்லாந்தில் 500 பாட்.

சியம் ரீப்பிலிருந்து வடகிழக்காக ப்ரியா விஹியர் மாகாணம் வழியாக நேரே ஸ்டங் ட்ரெங் போகும் வேன்கள் உண்டு. சண்டை நடந்த மாகாணம் அது. நாம் பென் திரும்பி, கிராட்டி வழியாகப் போவது ஒரு நாள் நீளம், ஆனால் நிம்மதி. மீகாங்கில் ஐராவதி ஓங்கில்களும் (டால்பின்) கிராட்டியில்தான். அதன் பிறகு வரும் ட்ரபியாங் கிரியல்–நோங் நோக் கியென் சாவடிதான் இந்த வளையத்தின் பலவீனமான கண்ணி. ஊர் கிடையாது, வண்டிகள் குறைவு. இந்தப் பக்கம் விற்ற டிக்கெட்டை அந்தப் பக்க வேன் ஏற்காமல் மறுபடி பணம் கேட்பது வாடிக்கை. சீட்டைக் கடைசி வரை கொடுக்காமல் கையில் வையுங்கள், காலை வண்டியிலேயே போங்கள். முத்திரைக்கு இரண்டு டாலர் என்று இரு பக்கமும் கேட்பார்கள். ரசீது கேட்டு ஒதுங்கி நின்றால் சில நேரம் விட்டுவிடுவார்கள். பின்னால் வேன் கிளம்பிக்கொண்டிருந்தால் அந்த நான்கு டாலருக்காக நிற்காதீர்கள்.

உடம்பும் காப்பீடும்

பயணக் காப்பீட்டை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன் எடுக்க வேண்டும். நான்கு நாடுகளின் பெயரும் பாலிசியில் இருக்கிறதா, அவசர மருத்துவ இடமாற்றம் உண்டா என்று பாருங்கள். லாவோஸில் பெரிய அடி பட்டால் தாய்லாந்து மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள், அந்தச் செலவுதான் ஆளை முடக்கும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுவதுதான் இங்கே பயணிகளுக்கு நேரும் வழக்கமான விபத்து. அந்த நாட்டில் செல்லும் இருசக்கர உரிமம் இல்லையென்றால் காப்பீடு கைவிரித்துவிடும். வாடகைக்காரர் உரிமம் கேட்காததால் அது தேவையில்லை என்று ஆகாது. பாஸ்போர்ட்டையும் அடகாக விடாதீர்கள்.

நாய் கடித்தால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே பெரிய ஊருக்குப் போய் ஊசி. லாவோஸின் கிழக்கு மாகாணங்களில் 1964–73 குண்டுவீச்சில் வெடிக்காமல் கிடப்பவை இன்னும் மண்ணில் உண்டு, மிதித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம், ஒதுங்கப் போவதற்கும்கூட. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு பயணிகள் இறந்தார்கள். குடிப்பவராக இருந்தால் மூடி திறக்காத பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் மீன் சாற்றைத் தவிர்ப்பதுதான் பாடு, காய்கறிக் குழம்பிலும் ஊற்றுவார்கள். வியட்நாமில் ‘சாய்’ என்று பலகை போட்ட கடை, தாய்லாந்தில் ‘ஜே’ என்ற மஞ்சள்–சிவப்புக் கொடி உள்ள கடை, இரண்டிலும் மீனும் இறைச்சியும் கிடையாது. லாவோஸின் சிற்றூர்களில் ஒட்டரிசியும் முட்டையும்தான் கிடைக்கும்.

பக்சேயிலிருந்து பாங்காக் வரும் கடைசித் துண்டு எளிது. பக்சேயிலிருந்து எல்லை சுமார் 45 கிலோமீட்டர். உபோன் வரை சர்வதேச பஸ் இருக்கிறது, அரை நாள் வேலை. ரயில் நிலையம் உபோன் நகருக்குள் இல்லை, ஆற்றுக்குத் தெற்கே வாரின் சம்ராப்பில். இரவு ரயில் காலையில் பாங்காக்கின் குருங் தெப் அபிவாட் நிலையத்துக்கு வரும். பழைய ஹுவா லம்போங் அல்ல. 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் இங்கேதான். சென்னை விமானத்துக்கும் இந்த ரயிலுக்கும் நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள்.